சீம்பால் வராத வீடுகள்

அந்த வருஷம் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கரமனையில் எங்கள் தெருவிலும் பக்கத்து இரண்டு தெருக்களிலும் மாடு வைத்திருந்த முப்பத்தொரு வீடுகளுக்கு நான் ஒரு படிவத்தோடு போக வேண்டியிருந்தது. "உங்கள் பசு எப்போதாவது மாசம் நிரம்பாமல் கன்று வீசியதுண்டா?" என்பது அதில் முக்கியமான கேள்வி.

2. முப்பது வீடுகளில் "இல்லை" என்றார்கள்.

3. முப்பத்தொன்றாவது எங்கள் வீடு. அங்கே யாரையும் கேட்காமல் நானே "இல்லை" என்று எழுதினேன்.

4. கீழே கையெழுத்துப் போட்டேன். ஆபீஸ் முத்திரை விழுந்தது. நகல்கள் மூன்று.

5. எங்கள் தெருக்களில் மாடுகளுக்குப் பேறு பார்க்கும் பொன்னம்மைக்குக் காய்ச்சல் வந்தது. விட்டது. மறுபடி வந்தது.

6. ஆஸ்பத்திரியில் அதை க்ஷயமாக இருக்கலாம் என்று எழுதினார்கள்.

7. அது க்ஷயம் இல்லை என்று சொல்லப் போன இடத்தில், என் கையெழுத்துப் போட்ட படிவத்தையே எடுத்து எனக்கு முன்னால் வைத்தார்கள்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில், மாட்டு நோய் ஆய்வுக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் படித்துவிட்டு என் மன்னி கேட்டாள்: "மாத்யூ டாக்டரைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கே. காரியத்தை நடத்திக் குடுத்த என்னைப் பத்தி எப்போ எழுதப்போறே?"

இந்த வாரம், மன்னி.

வராந்தாவில் ஒரு திங்கட்கிழமை

கார்த்திகை மாதம். மழை ஓட்டிலிருந்து ஒரே சீராக வழிந்துகொண்டிருந்தது. காய்ச்சல் வார்டின் வராந்தாவில் ஃபினாயில் வாசனையும் நனைந்த கம்பளி வாசனையும் கலந்து நின்றன. வார்டு டாக்டர் ஐம்பது வயதுக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் மேஜைமேல் என் படிவத்தின் மூன்றாவது நகல் இருந்தது. அது சுகாதார ஆபீசுக்குப் போகும் நகல். நான் வரப்போகிறேன் என்று தெரிந்து அதை வரவழைத்து வைத்திருந்தார்.

அவர் மலையாளத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"கன்று வீச்சு நோய் மனுஷிக்கும் வரும் என்று எனக்கும் தெரியும். மாட்டிடமிருந்துதான் வரும். எந்த மாடு?"

"அவள் முப்பது நாற்பது மாடுகளுக்குப் பேறு பார்த்திருக்கிறாள், டாக்டர்."

"அந்த முப்பதையும் நீ போய்ப் பார்த்திருக்கிறாய். ஒன்றுகூடக் கன்று வீசவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். கையெழுத்து உன்னுடையதுதானே?"

என்னுடையதுதான்.

"அவளுடைய ரத்தத்தை உங்கள் குழாயில் பார்த்தேன் என்கிறாய். மாட்டுக்கு வைத்திருக்கும் மருந்தில் மனுஷி ரத்தம். அதை மட்டும் நம்பி நான் எப்படி எழுதுவது? இதற்கு வேண்டிய மருந்து இங்கே ஸ்டாக்கில் இல்லை. காரணம் காட்டி வரவழைக்க வேண்டும்." அவர் படிவத்தை மடித்தார். "வியாழக்கிழமை மத்தியானம் க்ஷய சானடோரியத்துக்கு வண்டி போகிறது. அதில் அவள் பெயர் இருக்கிறது. அதற்குள் எனக்கு ஒரு மாட்டைக் காட்டு."

அன்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், எனக்கு மூன்று நாள் கொடுத்தவர் அவர்தான். ஆதாரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்த ஒருவர் அந்த மேஜைக்குப் பின்னால் இருந்தது பொன்னம்மையின் அதிர்ஷ்டம். என்னுடையதும்.

குழாயில் தெரிவது

படிக்கிறவர்களுக்காக இந்தப் பரிசோதனையைச் சொல்லிவிடுகிறேன். செய்வது எளிது.

மாட்டின் கழுத்து நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, குழாயைச் சாய்த்து வைக்க வேண்டும். ரத்தம் உறைந்து, மேலே மஞ்சளாக ஒரு நீர் தெளியும். ஒரு மாட்டுக்கு ஒரு வரிசைக் குழாய்களில் அந்த நீரைப் படிப்படியாகக் குறைத்து விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தைக் கலக்க வேண்டும். நோய்க் கிருமிகளைக் கொன்று செய்த கலங்கல் மருந்து அது. வடக்கேயிருந்து ஐஸ் பெட்டியில் ரயிலேறி வரும். கலந்த குழாய்களைக் கதகதப்பான பெட்டியில் ஒரு நாள் வைத்துவிட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும்.

நோய் இல்லாத மாட்டின் குழாய் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி அப்படியே கலங்கி நிற்கும். நோய் உள்ள மாட்டின் குழாயில் கலங்கலெல்லாம் அடியில் இறங்கி, கவிழ்த்த குடை மாதிரி ஒரு படலமாக விரிந்திருக்கும். மேலே நீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். தெளிந்த தண்ணீரைப் பார்த்து வருத்தப்படுகிற வேலை எங்களுடையது.

பொன்னம்மைக்கு அப்போது முப்பது வயது இருக்கும். நாஞ்சில் நாட்டுக்காரி. கணவர் ஆரியசாலை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஆற்றுக்கு அக்கரையில் குடியிருந்தார்கள். எங்கள் தெருவில் எந்தப் பசு கன்று போட்டாலும் அவளுக்குத்தான் ஆள் போகும். பின்சந்து வழியாக வந்து, தொழுவத்தில் வேலையை முடித்து, பின்சந்து வழியாகவே போய்விடுவாள். மாட்டின் வயிற்றுக்குள் கை விட அவள் வேண்டும். சமையலறைப் படியில் அவள் கால் படக் கூடாது. அப்படித்தான் இருந்தது. அதைப் பற்றி நான் எதுவும் யோசித்ததில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

நான் படிவத்தோடு அலைந்த நாட்களில் அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். என் பையில் எப்போதும் கண்ணாடிக் குழாய்கள் கிணுகிணுக்கும். "குப்பியம்மா வந்தாச்சு. மாடுகளெல்லாம் ஒளிஞ்சுக்கிடுங்க" என்பாள். குப்பியம்மா என்ற பெயர் தெருவில் நிலைத்துவிட்டது.

ஐப்பசி கடைசியில் ஒரு நாள் அவளை எங்கள் தொழுவத்துச் சுவரில் சாய்ந்தபடி பார்த்தேன். பகல் பதினோரு மணி. ரவிக்கை முதுகோடு ஒட்டி, வியர்வை வழிந்துகொண்டிருந்தது. ஆனால் உடம்பு நடுங்கிற்று.

"எத்தனை நாளா?"

"ஆவணியிலேருந்து. பத்து நாள் நல்லா இருப்பேன். பொறவு பத்து நாள் போட்டு அடிக்கும். மூட்டெல்லாம் களண்டு போச்சு, குப்பியம்மா."

பயிற்சியில் எழுதி வைத்த குறிப்பு அப்படியே நினைவுக்கு வந்தது. அலை அலையாக வரும் காய்ச்சல், வியர்வை, மூட்டு வலி, மாடுகளோடு வேலை. நான்கும் இருந்தன. இருமல்தான் கூட இருந்தது. அந்த இருமல்தான் ஆஸ்பத்திரியில் எல்லோரையும் திசை திருப்பியது. அது வெறும் மழைக்கால இருமல்.

அவள் ரத்தத்தோடு மாத்யூ டாக்டரிடம் போனேன். எங்கள் ஆய்வுக்கூடத்துத் தலைவர் அவர். குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இந்தப் பசுவின் எடை எத்தனை ராத்தல்?"

"டாக்டர், இது பசு இல்லை."

"அறியாம்," என்றார். எனக்குத் தெரியும் என்று அர்த்தம். "ரெஜிஸ்தரில் 'இனம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை மட்டும் காலியாக விடு."

மறுநாள் காலை அவள் குழாயில் குடை விரிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த ரெஜிஸ்தரில் காலியாக உள்ள ஒரே கட்டம் அதுதான். தணிக்கைக்கு வந்தவர்கள் கேட்கும்போதெல்லாம் "மை காய்ந்திருக்கும்" என்று மாத்யூ டாக்டர் சொல்லிவிடுவார். அவருக்கு என் நன்றி.

இதே மாத்யூ டாக்டர்தான், நான் முப்பத்தொரு "இல்லை"யோடு திரும்பிய அன்று படிவத்தைப் புரட்டிவிட்டுச் சிரித்தவர். "கரமனை எந்தா, ஸ்வர்க்கமாணோ குட்டீ?" என்றார். கரமனை என்ன சொர்க்கமா என்று அர்த்தம். எங்கள் தெருவின் சுத்தத்தை அவர் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

மறந்து போச்சு

திங்கட்கிழமை வார்டு டாக்டரிடமிருந்து நேராகப் பொன்னம்மையின் கட்டிலுக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டில். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"பொன்னம்மை, எந்தெந்த வீட்டு மாடு கன்னு வீசித்து? நீதானே கூட இருந்தே? சொல்லு."

"மறந்து போச்சு."

"எந்த ஆத்துப் பசு எந்த மாசம் சினைன்னு விரல்விட்டுச் சொல்லுவியே."

"காய்ச்சல் வந்தா எல்லாம் மறக்கும், குப்பியம்மா."

"விளையாடாதே. வியாழக்கிழமை வண்டியில ஏத்திடுவா. அங்க போனா இந்த நோய்க்கு மருந்து கிடைக்காது. திரும்பி வந்தாலும், க்ஷய ஆஸ்பத்திரிக்குப் போனவளை எந்தத் தொழுவத்துல விடுவா?"

"இப்பவே விடலியே" என்றாள். அது உண்மை. இருமல் தொடங்கிய பிறகு நான்கு வீடுகளில் பின்சந்துக் கதவைத் தாழ் போட்டுவிட்டார்கள்.

"அப்புறம் யாருக்காக மறைக்கறே?"

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அவியளுக்கு ஒரு மானம் இருக்குல்லா. வெளிய சொல்ல மாட்டேன்னு நம்பித்தானே பொறவாசலைத் தொறந்து விட்டாவ. இப்ப காய்ச்சல் வந்ததும் ஒவ்வொரு வீடா எண்ணிச் சொன்னா நல்லாவா இருக்கும்?" பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்க வீட்டுல எல்லாரும் சொகமா?" என்று கேட்டாள்.

"சுகம்" என்றேன்.

"பசு?"

"அதுக்கென்ன, நன்னாத்தான் இருக்கு."

"செரி" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் ஏன் பசுவைக் கேட்டாள் என்று பஸ்ஸில் வரும்போதுகூட எனக்குத் தோன்றவில்லை.

மன்னியின் விரல்கள்

வீட்டுக்கு வந்து படிவத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். மன்னி ஆட்டுரலில் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கே?"

எல்லாவற்றையும் சொன்னேன். குழவி நின்றது.

"முப்பதாத்துலயும் இல்லைன்னா சொன்னா? பலே."

"உனக்குத் தெரியுமா மன்னி?"

"எனக்கென்ன தெரியும்? நான் யாராத்துத் தொழுவத்தை எட்டிப் பார்த்தேன்? சீம்பால் வந்துதா வரலியான்னு மட்டும்தான் தெரியும்."

எங்கள் தெருக்களில் ஒரு பசு கன்று போட்டால், முதல் இரண்டு நாள் பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் கட்டி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கிண்ணத்தில் அனுப்புவது வழக்கம். மஞ்சளாக, மெத்தென்று, கத்தி போட்டால் நடுங்கும். வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்ப மாட்டோம். சர்க்கரையோ நாலு வாழைப்பழமோ வைத்துத்தான் போகும். எங்கள் வீட்டில் அந்தக் கிண்ணங்களுக்குப் பொறுப்பு மன்னி. எந்தக் கிண்ணம் எந்த வீட்டுடையது, எப்போது வந்தது, எதை வைத்துத் திருப்பினோம் என்பதெல்லாம் அவள் மனசில் இருக்கும்.

கன்று வீசிய பசுவுக்கும் கொஞ்சம் பால் ஊறும். ஆனால் அதை யாரும் கட்டி அனுப்ப மாட்டார்கள். பேச்சே எழாது. அந்தப் பசு சினையாகவே இல்லாதது போல் எல்லோரும் இருந்துவிடுவார்கள்.

மன்னி மாவு வழியும் கையைத் தூக்கி மற்ற கையால் விரல்களை மடக்க ஆரம்பித்தாள். "ஆத்தங்கரைப் பக்கம் கோடியாத்து வெள்ளை. மாசியில வந்திருக்கணும், வரல்லை. வக்கீல் குமாஸ்தா ஆத்து கௌரி, சித்திரை. வரல்லை. வாத்தியார் ஆத்துப் பசு. வைகாசின்னு அந்த மாமியே சொல்லியிருந்தா. அப்புறம் கேட்டா, 'சினை நிக்கலைடி'ன்னா. ஒன்பதாம் மாசத்து வயத்தை நான் கண்ணால பார்த்திருக்கேன். சினை நிக்கலையாம்!"

நான் எழுதிக்கொண்டே வந்தேன். வீடு, பசு, மாசம். தேதி வரிசையில் போட்டுப் பார்த்தேன். தெருவின் ஆற்றங்கரைப் பக்கத்தில் தொடங்கி, வீடு வீடாக மேலே ஏறி வந்திருந்தது நோய். ஆபீசில் ஒரு வருஷம் உட்கார்ந்தாலும் எனக்குக் கிடைக்காத வரைபடம். அதை மன்னி கிண்ணங்களை வைத்துச் சொல்லிவிட்டாள்.

ஆறு விரல் மடங்கின. ஏழாவது விரலைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிட்டாள்.

"யாராத்துப் பசு?"

"அந்த ஃபாரத்துல நம்மாத்துக்கு என்ன எழுதியிருக்கே?"

"இல்லைன்னு."

"யாரைக் கேட்டே?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"ஆடி மாசம் நீ மதராஸ்ல பயிற்சியில இருந்தே. நம்ம பசு காமு ஏழாம் மாசமே கன்னைப் போட்டுடுத்து. கன்னு போன பின்னாடி விழ வேண்டிய இளங்கொடி விழல்லை. ரெண்டு நாள் தொங்கிண்டே இருந்தது, ஒரே நாத்தம். பொன்னம்மைதான் வந்து கையை விட்டு எடுத்தா. தோள்பட்டை வரைக்கும். ஒரு மணி நேரம். கையில ஏற்கெனவே அரிவாள் கீறின காயம் வேற. எடுத்து முடிச்சுட்டு அடுப்புச் சாம்பலைப் போட்டு அலம்பிண்டு போனா." மன்னி குழவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உனக்கு ஜாதகம் பார்த்துண்டிருந்தா. ஆத்துல பசு கன்னு வீசித்துன்னா பொண்ணாத்துக்கு ஆகாதாம். உங்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு அம்மா சொல்லிட்டா."

ஆவணியில் அவளுக்குக் காய்ச்சல் தொடங்கிற்று. "பசு?" என்று அவள் கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கிற்று. அவள் மானம் காத்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

இன்னொன்றும் விளங்கிற்று. எங்கள் வீடுகளில் பாலை மூன்று தரம் பொங்கவிடாமல் யாரும் வாயில் வைப்பதில்லை. அதனால்தான் அந்த நோய் எங்கள் ஒருவரையும் தொடவில்லை. தொழுவத்தில் எங்களுக்காகக் கையை விட்டவளைத் தொட்டுவிட்டது.

காமுவின் ஊர்வலம்

செவ்வாய்க்கிழமை காலை காமுவின் கயிற்றை அவிழ்த்தேன். அம்மா பின்கட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"எங்கேடி?"

"மிருகாஸ்பத்திரிக்கு. ரத்தம் எடுக்கணும்."

"இங்கயே எடேன். இல்லேன்னா பின்சந்து வழியா ஓட்டிண்டு போ. எல்லாரும் பார்க்கும்படியாவா?"

"பின்சந்து வழியா போனா யாருக்கும் தெரியாதே அம்மா. தெரியணும்னுதான் போறேன்."

அம்மா என்னை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய், காமுவின் நெற்றிக்குக் கொஞ்சம் குங்குமத்தோடு வந்து, இட்டுவிட்டுப் போனாள். அதற்கும் நான் நன்றியோடு இருக்கிறேன்.

நடுத்தெருவில் காமு ராணி மாதிரி நடந்தாள். வக்கீல் குமாஸ்தா மாமா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி சாரதா, மாட்டுக்கும் ஆபீஸ்ல உத்தியோகம் ஆயிடுத்தா?"

நான் நின்றேன். இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்: "இல்லை மாமா. ஆடியில காமு கன்னை வீசிடுத்து. பொன்னம்மைதான் கையை விட்டு இளங்கொடியை எடுத்தா. அதுலதான் அவளுக்குக் காய்ச்சல். க்ஷயம் இல்லை. நாங்க மறைச்சதால அவளை வியாழக்கிழமை க்ஷய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறா. அதுக்கு முன்னாடி நிரூபிக்கணும்."

எங்கோ ஒரு வாளி கிணற்றுக்குள் இறங்கியது. மாமா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். பேப்பருக்குப் பின்னாலிருந்து, "மழை வரதுக்குள்ள ஓட்டிண்டு போ" என்றார்.

மத்தியானம் நான் திரும்பி வந்தபோது அந்த வீட்டு மாமி எங்கள் பின்கட்டில் மன்னியோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல் மன்னியிடமே சொன்னாள்: "எங்க கௌரிக்கும் ஒரு தரம் பார்த்துடச் சொல்லு. ஒண்ணுமில்லை. சும்மா."

அவள் போன கொஞ்ச நேரத்தில் வாத்தியார் வீட்டு மாமி வந்தாள். அவளுக்கும் சும்மா. சாயங்காலத்துக்குள் காமுவோடு சேர்த்து ஐந்து பசுக்களின் ரத்தம் எடுத்தேன். நான்கு சும்மா. கோடியாத்து வெள்ளை என் முழங்காலில் ஒரு உதை விட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

புதன்கிழமை காலை குழாய்களை அடுக்கினேன். மாத்யூ டாக்டர் கதகதப்புப் பெட்டியின் உஷ்ணத்தை ஒரு மணிக்கு ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். "பெட்டிக்குக் காய்ச்சல் வந்தால் நமக்கு ஆகாது" என்றார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். வாத்தியார் வீட்டுப் பசுவின் வரிசை கலங்கியே நின்றது. மற்ற நான்கு வரிசைகளிலும் குடை.

காமுவின் வரிசையில் கடைசிக் குழாய் வரைக்கும் குடை.

சட்டத்தோடு பஸ்ஸில்

குழாய்களை மரச் சட்டத்தோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"எந்தா சேச்சீ, மோரோ?"

"மோர் இல்லை. பசுவோட ரத்தத்துலேர்ந்து எடுத்தது. வியாதிக்காரப் பசு" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள். கண்டக்டர் டிரைவரிடம் கத்தினார்: "மெல்லெப் போ சேட்டா, இவிடெ ஒரு ஆசுபத்திரியே மடியில் உண்டு!" அதன் பிறகு ஒவ்வொரு மேட்டிலும் பஸ் மெதுவாகவே ஏறி இறங்கியது. பெயர் தெரியாத அந்த இரண்டு பேருக்கும் என் நன்றி.

வார்டு டாக்டர் சட்டத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு குழாயாகப் பார்த்தார். அவசரப்படவில்லை. வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"இந்த முதல் வரிசை யாருடைய மாடு?"

"எங்களுடையது."

"படிவத்தில் 'இல்லை' என்று இருந்ததே?"

"நான் கேட்காமல் எழுதிவிட்டேன், டாக்டர். மற்ற வீடுகளில் கேட்டேன். ஆனால் சொல்ல முடியாத விதத்தில் கேட்டேன். முத்திரை போட்ட காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டால் எங்கள் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அந்தத் தெருவில்தான் பிறந்தேன்."

அவர் மேஜையிலிருந்து என் படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்து நீட்டினார். "திருத்து. பக்கத்தில் கையெழுத்து."

நான்கு வீடுகளின் வரியைத் திருத்தினேன். அவர் பேனாவைத் திரும்ப வாங்கி, வண்டிக்கான பட்டியலில் ஒரு பெயரை அடித்தார். அதே மையில் மருந்துக்கான சீட்டையும் எழுதினார்.

நான் போய்ப் பொன்னம்மையிடம் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "யாரு சொன்னா?" என்று.

"யாரும் சொல்லலை. சீம்பால் வராத ஆத்தையெல்லாம் மன்னி எண்ணினா."

அவள் சிரிக்க ஆரம்பித்து, இருமி, மறுபடி சிரித்தாள். "நான் வாயைத் தச்சுக்கிட்டுக் கெடக்கேன். ஒங்க மன்னி கிண்ணத்தைப் பாத்தே பிடிச்சுப்போட்டாவளே!"

ஆலமரத்து மூட்டைகள்

ஊசியும் மாத்திரையும் மூன்று வாரம். காய்ச்சல் இறங்கியது. ஒரு மாதம் கழித்து ஒரு தரம் எட்டிப் பார்த்தது. மறுபடி மருந்து. பிறகு வரவில்லை.

வீடுகளே வாய் திறந்துவிட்ட பிறகு பொன்னம்மைக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. மன்னிக்குத் தெரியாத ஒன்றை அவள் சொன்னாள். கன்று பிறந்தால் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி, பால் வடியும் மரத்தில் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். பசுவுக்குப் பால் நன்றாகச் சுரக்கும் என்பார்கள். ஆற்றங்கரையில் அதற்கென்று ஒரு ஆலமரம் உண்டு. கன்று வீசிய பசுக்களின் கொடியையும் யாரும் பார்க்காத நேரத்தில் அங்கேதான் கட்டியிருக்கிறாள்.

"கன்னு போனாலும் பாலாவது நிக்கட்டும்னுதான்" என்றாள்.

மேய்ந்துவிட்டு வரும் மாடுகளை மத்தியானம் நிழலுக்குக் கட்டுவது அதே மரத்தடியில். மூட்டையிலிருந்து சொட்டியது கீழே புல்லில் விழுந்திருக்கிறது. மன்னியின் வரிசை ஏன் ஆற்றங்கரையில் தொடங்கிற்று என்று எனக்கும் மாத்யூ டாக்டருக்கும் அப்போதுதான் புரிந்தது. மரத்தை அவள் சொல்லியிருக்காவிட்டால் நாங்கள் வருஷக்கணக்கில் சினைக்கு விடும் காளையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் வீட்டுக்காகவும் எனக்காகவும். அவள் சங்கடப்பட்டு, "அதெல்லாம் என்னத்துக்கு, குப்பியம்மா. மாட்டு வேலைன்னா இதெல்லாம் உள்ளதுதான்" என்று சொல்லி, வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அவள் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. பேசிக்கொண்டிருக்கிறாள். அதுவே பெரிது.

இன்றைய நிலை இது. ஆலமரத்தடியில் இப்போது மாடு கட்டுவதில்லை. கன்று வீசினால் கொடியை ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கிறார்கள். புதைத்த இடத்தை எனக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். காமுவை மறுபடி சினைக்கு விடவில்லை. தனியாகக் கட்டி வைத்திருக்கிறோம். போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு கன்றும் போகவில்லை. இந்த வருஷம் ஒன்று போயிற்று. பொன்னம்மைக்குக் காய்ச்சல் இல்லை. வலது முழங்கால் மட்டும் மழைக்காலத்தில் மடங்க மறுக்கிறது. மாத்யூ டாக்டர் வாங்கிக்கொடுத்த நீள ரப்பர் உறையைத் திட்டிக்கொண்டே மாட்டிக்கொள்கிறாள். வேலைக்குப் போகிறாள். இரண்டு வீட்டார் மட்டும் அவளை இன்னும் கூப்பிடவில்லை. அந்த இரண்டு வீட்டுப் பசுக்களின் ரத்தமும் எனக்கு இன்னும் வரவில்லை.